விட்டுப் போவதற்காகவே கட்டிய வீடு: அப்பாச்சி மக்களின் குடில்கள்

கௌபாய் படங்கள் பார்த்து வளர்ந்த யாரிடமாவது, அமெரிக்காவின் தென்மேற்குப் பழங்குடிகளான அப்பாச்சிகளின் வீடு எப்படி இருக்கும் என்று கேட்டால், கூம்பு வடிவத் தோல் கூடாரத்தைத்தான் சொல்வார்கள். பாதி சரி. டீப்பி எனப்படும் அந்தக் கூடாரத்தில் வாழ்ந்த அப்பாச்சிகளும் உண்டு. ஆனால் ஜெரோனிமோ, கொச்சீஸ் என்று வெளியுலகம் பெயர் சொல்லி அறிந்திருக்கிற அப்பாச்சிகள் பெரும்பாலும் வாழ்ந்தது கழிகளை வளைத்துக் கட்டிப் புல் வேய்ந்த, ஆள் உயரத்துக்குச் சற்றே கூடுதலான வட்டக் குடில்களில். ஆங்கிலத்தில் இதை விக்கியப் என்பார்கள். மேற்கு அப்பாச்சிகள் தங்கள் மொழியில் கோவா என்கிறார்கள்.

இந்தக் குடிலைப் பார்த்த அமெரிக்க ராணுவ அதிகாரிகளும், பழங்குடிகளை மேற்பார்க்க அரசு அமர்த்திய ஏஜெண்டுகளும் எழுதிவைத்த குறிப்புகளில் ஏளனம் நிறையவே உண்டு. நாலு குச்சி, கொஞ்சம் புல், ஒரு கந்தல் துணி, இதுவும் ஒரு வீடா என்ற தொனி. நிலைத்து நிற்பதுதான் வீட்டுக்கு அழகு என்று நினைப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். சில வாரமோ சில மாதமோ இருந்துவிட்டு விட்டுப் போவதற்காகவே ஒரு வீட்டைக் கட்டுகிறவர்களின் கணக்கு வேறு. அந்தக் கணக்கு புரியாவிட்டால் இந்தக் குடில் புரியாது.

முதலில் ஆட்களைப் பற்றி. அப்பாச்சி என்பது ஒரே ஒரு குழுவின் பெயரில்லை. அரிசோனாவின் மேற்கு அப்பாச்சிகள், தென்கிழக்கு அரிசோனா, தென்மேற்கு நியூ மெக்சிகோ, எல்லைக்கு அப்பால் வட மெக்சிகோ வரை பரவியிருந்த சிரிகாவாக்கள், அவர்களுக்குக் கிழக்கே மெஸ்கலேரோக்கள், வட நியூ மெக்சிகோவின் ஹிகரியாக்கள், டெக்சாஸ் பக்கம் லிபான்கள், இன்னும் வடகிழக்கே சமவெளி அப்பாச்சிகள். எல்லோரும் அதபாஸ்கன் குடும்பத்து மொழிகளைப் பேசுகிறவர்கள். அந்தக் குடும்பத்தின் மற்றக் கிளைகள் கனடாவிலும் அலாஸ்காவிலும் இருக்கின்றன. ஆக, இவர்களின் முன்னோர் வடக்கேயுள்ள குளிர்க்காடுகளிலிருந்து இறங்கி வந்தவர்கள். எப்போது, எந்த வழியாக என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. நவஹோக்கள் என்ற அண்டைப் பழங்குடியினர் இவர்களுக்கு மிக நெருங்கிய பங்காளிகள்.

இத்தனை பரந்த நிலத்தில் ஒரே மாதிரி வீடு இருந்திருக்க முடியாது. 1541இல் ஸ்பானியத் தளபதி கொரொனாடோ கிழக்கே பெரும் புல்வெளிக்குள் போனபோது, காட்டெருமைத் தோலால் கூடாரம் அடித்து வாழ்ந்த ஒரு கூட்டத்தைச் சந்தித்தார். ஸ்பானியர்கள் அவர்களைக் கெரேச்சோ என்று எழுதினார்கள். அப்பாச்சிகளின் முன்னோர் என்று பெரும்பாலானவர்கள் கருதுவது இவர்களைத்தான். அப்போது அவர்களிடம் குதிரை கிடையாது. கூடாரத்தையும் கழிகளையும் நாய்கள் இழுத்துச் சென்றன. நாய் இழுக்கிற பாரம் எவ்வளவோ அவ்வளவுதான் வீட்டின் அளவு! பின்னால் ஸ்பானியர் வழியாகக் குதிரைகள் கைக்கு வந்தபிறகுதான் பெரிய கூடாரம் கட்டுப்படியானது.

அதே சமவெளியில், இன்றைய நெப்ராஸ்கா, கன்சாஸ் பக்கம், 1700ஐ ஒட்டிய ஆண்டுகளைச் சேர்ந்த சில ஊர்த் தடங்களைத் தொல்லியலாளர்கள் தோண்டியிருக்கிறார்கள். ஐந்து தூண்களை ஐங்கோணமாக நட்டு எழுப்பிய, சுமார் 25 அடி விட்டமுள்ள வட்ட வீடுகள் அங்கே இருந்திருக்கின்றன. சோளம் பயிரிட்டபடி எருமை வேட்டைக்கும் போய்வந்த அப்பாச்சிகளின் ஊர்கள் இவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. வட நியூ மெக்சிகோவின் ஹிகரியாக்கள் தட்டைக் கூரை போட்ட மண் வீடுகளும் வாய்க்கால் பாசன வயல்களும் வைத்திருந்ததாக 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஸ்பானியப் பதிவுகள் சொல்கின்றன. கொமாஞ்சிகள் என்ற மற்றொரு பழங்குடியினர் குதிரைகளோடு வந்து நெருக்கியபோது அந்த ஊர்கள் நிலைக்கவில்லை. அப்பாச்சிகளுக்கு நிலையான வீடு கட்டத் தெரியாது என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்காதவர்கள்.

மெஸ்கலேரோக்கள் கூடாரத்துக்கும் குடிலுக்கும் நடுவில் இருந்தார்கள். எருமை வேட்டைக்குச் சமவெளி இறங்கும்போது தோல் கூடாரம், மலைக்குத் திரும்பினால் தழைக் குடில். கூடாரத்துக்கு நீண்டு நேரான கழிகள் வேண்டும், பதப்படுத்திய தோல்கள் வேண்டும், சுமக்க விலங்கு வேண்டும். இடுக்கும் பாறையுமான மலைப்பாதையில் அத்தனையையும் இழுத்துத் திரிவதற்குப் பதில், போய்ச் சேர்ந்த இடத்தில் கிடைப்பதை வெட்டிக் கட்டிக்கொள்வது எளிது. மேற்கே போகப் போகக் கூடாரம் குறைந்து குடில் கூடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம்.

இனி குடிலைக் கட்டுவோம். மோரிஸ் ஓப்லர் என்ற மானுடவியலாளர் 1930களில் முதிய சிரிகாவாக்களிடம் கேட்டுக் கேட்டுப் பதிவு செய்ததால், கட்டுமானம் ஓரளவு துல்லியமாகவே நமக்குத் தெரிகிறது.

வேலை முழுக்கப் பெண்களுடையது. பச்சை ஓக் அல்லது வில்லோ மரக் கழிகளை வெட்டி வருவார்கள். காய்ந்த கழி வளைக்கும்போது முறியும் என்பதால் பச்சையாகத்தான் இருக்க வேண்டும். தோண்டுகோலால் வட்டமாகக் குழி போட்டு, அடிக்கு ஒன்றாகக் கழிகளை நடுவார்கள். விட்டம் 8 அடி. அப்படியானால் சுற்றளவு 25 அடி, வாசலுக்கு இடம் விட்டது போக இருபதுக்குக் கொஞ்சம் மேல் கழிகள். நுனிகளை உள்பக்கமாக வளைத்து உச்சியில் சேர்த்து யுக்கா நாரால் கட்டுவார்கள். யுக்கா அந்த வறண்ட நாட்டில் எங்கும் கிடைக்கிற செடி. வாள் மாதிரி நீண்ட அதன் இலையைக் கிழித்தாலே கயிறு. ஆணி, கம்பி எதுவும் கிடையாது. வீடு முழுக்க முடிச்சில் நிற்கிறது.

நடுவில் உயரம் சுமார் 7 அடி. எலும்புக்கூடு தயாரானதும் வேய்ச்சல். நீண்ட புல்லையோ, நார் போன்ற இலைகளுள்ள பேர்கிராஸ் என்ற செடியையோ கட்டுக் கட்டாக எடுத்துக் கீழிருந்து மேலாக அடுக்கி, மேல் வரிசை கீழ் வரிசையை மூடுகிறபடி நாரால் இறுக்குவார்கள். கூரை வேய்ந்து பழகியவர்களுக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, தண்ணீர் ஓடுகிற திசை எல்லா நாட்டிலும் ஒன்றுதான். உச்சியில் புகை போக ஒரு துளை. அதற்கு நேர் கீழே, தரையின் நடுவில் அடுப்பு. வாசலில் குறுக்குக் கழியில் தொங்கும் தோல்தான் கதவு. வாசல் இந்தத் திசையில்தான் இருக்க வேண்டும் என்று சிரிகாவாக்களிடம் கட்டாயம் இல்லை. நவஹோக்கள் கிழக்கு வாசலை விடமாட்டார்கள், பங்காளிகளுக்குள்ளேயே இப்படி ஒரு வேறுபாடு.

மழை வந்தால் குடிலின் மேலே தோல்களை வீசிப் போர்த்துவார்கள். அடுப்பு எரியத் தேவையில்லாத நாளென்றால் புகைத்துளையையும் மூடிவிடலாம். கோடையில் நேர்மாறு. வெளி வேய்ச்சலில் பெரும் பகுதியை உரித்துவிட்டால் நாலு பக்கமும் காற்று. வீட்டுக்குச் சட்டையைக் கழற்றி மாட்டுவது போலத்தான். உள்ளே சுவரோரமாகத் தழையும் புல்லும் பரப்பி, மேலே தோல் விரித்தால் படுக்கை. புல் காய்ந்து நொறுங்கினால் பழையதை அள்ளிப் போட்டுவிட்டுப் புதியது பரப்புவார்கள்.

நன்றாக, உறுதியாக ஒரு குடில் எழுப்ப மூன்று நாள் ஆகும். ஒரு ராத்திரி தங்கலுக்கானது சில மணி நேரத்தில் முடியும். 8 அடி விட்டம் என்றால் தரை 50 சதுர அடிதான். இவ்வளவு சின்ன இடத்தில் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்று கேட்கத் தோன்றும். அந்தச் சின்ன அளவுதான் குளிரில் கைகொடுத்தது. தாழ்ந்த கூரை, வளைந்த சுவர், நடுவில் நெருப்பு. சூடேற்ற வேண்டிய காற்று கொஞ்சம், வெப்பம் வெளியேறும் பரப்பும் கொஞ்சம். பெரும்பனி கொட்டினாலும் உள்ளே கதகதப்பாக இருக்கும் என்று முதியவர்கள் ஓப்லரிடம் சொல்லியிருக்கிறார்கள். அரிசோனாவின் வெள்ளை மலைகளில் பனிக்காலம் விளையாட்டில்லை.

சமையல், தோல் பதனிடுதல், கூடை முடைதல், குழந்தைகள், விருந்தாளிகள் என்று பகல் வாழ்க்கை முழுவதும் வெளியில்தான். அதற்கென்று தனிப் பந்தல் உண்டு. நாலு கால் நட்டு, மேலே கழிகள் பரப்பித் தழை போட்ட நிழல். ஸ்பானிய மொழியிலிருந்து வந்த ராமாடா என்ற பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது. வெயில் காலத்தில் குடும்பத்தின் உண்மையான வீடு இதுதான், குடில் சாமான் வைக்கவும் தூங்கவும். ஆற்றோரமாக இன்னொரு சிறு குமிழி இருக்கும், நெருப்பில் பழுத்த கற்களை உள்ளே வைத்து வியர்வைக் குளியல் எடுக்க. ஆக, குடில், பந்தல், வியர்வைக் குடில், கொஞ்சம் தள்ளிப் பெண்ணின் உறவினர்களுடைய குடில்கள் எல்லாம் சேர்ந்ததுதான் வீடு. குடிலை மட்டும் அளந்துவிட்டு ஏழைகள் என்று எழுதியவர்கள் ஒரே ஓர் அறையை அளந்திருக்கிறார்கள்.

பெண்ணின் உறவினர்கள் என்றேன். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டாரின் முகாமுக்கு வந்து சேர வேண்டும். அவள் தாயின் குடிலுக்குக் கூப்பிடு தூரத்தில் புதுக் குடில் எழும். அதில் ஒரு சிக்கல் உண்டு. மாமியாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்க்கவே கூடாது, ஒரே இடத்தில் இருக்கவும் கூடாது. பகையெல்லாம் இல்லை, மரியாதையின் உச்சம் அது. ஆகவே மகளின் குடில் பக்கத்திலும் இருக்க வேண்டும், மாமியார் கண்ணில் மருமகன் படாதபடியும் இருக்க வேண்டும். வேட்டையாடிக் கொண்டுவருகிற கறியில் பெண் வீட்டாருக்குப் பங்கு போகும், மருமகன் மட்டும் அந்தப் பக்கம் தலைகாட்டமாட்டான். அப்பாச்சி முகாமின் வரைபடத்தைப் பார்க்கிற கட்டடக் கலைஞர் மரங்களையும் சரிவையும் மட்டும் கணக்கில் எடுத்தால், குடில்களுக்கு இடையிலான இந்த இடைவெளிகளுக்கு விடை கிடைக்காது.

வருடம் முழுக்க ஏன் நகர்ந்துகொண்டே இருந்தார்கள்? சாப்பாடு ஒவ்வொரு பருவத்தில் ஒவ்வோர் உயரத்தில் பழுக்கிறது. வசந்தத்தில் அகவே எனும் கற்றாழை. நம்மூர் ரயில் பாதையோரம் நிற்கும் ஆனைக்கற்றாழை இதே இனத்துச் செடிதான், மெக்சிகோவிலிருந்து வந்தது. பூத்தண்டு எழும்புகிற நேரம் பார்த்து அதன் குருத்தை வெட்டி எடுத்து, கல் பரப்பிய பெரிய குழியில் நெருப்பிட்டு, மண்ணால் மூடி, நாள்கணக்கில் வேகவிடுவார்கள். மெஸ்கால் எனப்படும் இந்த உணவிலிருந்துதான் மெஸ்கலேரோக்களுக்குப் பெயரே வந்தது. கோடையில் தாழ்நிலப் பாலையில் சகுவாரோ என்ற பெரிய கள்ளியின் பழம், மெஸ்கீட் மரத்தின் நெற்றுகள், அப்புறம் ஓக் கொட்டைகள். இலையுதிர் காலத்தில் பின்யோன் பைன் விதைகள். மேற்கு அப்பாச்சிகளுக்கு மலைப் பள்ளத்தாக்குகளில் சிறு சோளக் கொல்லைகள் இருந்தன. விதைத்துவிட்டுக் காட்டுக்குப் போய், அறுவடைக்குத் திரும்பி வருவார்கள்.

இப்படி வாழ்கிற குடும்பத்துக்கு வீட்டைச் சுமப்பது வீண். சுமக்க வேண்டியவை வேறு. முதுகில் தூக்கும் கூடைகள், பின்யோன் பிசின் பூசித் தண்ணீர் ஒழுகாமல் செய்த பின்னல் குடங்கள், தோல்கள், கருவிகள். மிஞ்சிய தானியத்தையும் மெஸ்காலையும் குகைகளில் வைத்துக் கல்லாலும் மண்ணாலும் அடைத்துவிட்டுப் போவார்கள். சொத்து மலைகளில் பதுங்கியிருக்கும், குடிலில் பெரிதாக ஒன்றும் இருக்காது. நல்ல நீரூற்று எது, வளையும் கழி எந்த ஓடையில் கிடைக்கும், எந்தச் சரிவில் வேய்கிற புல் வளரும் என்ற அறிவு தாயிடமிருந்து மகளுக்குப் போனது. என்னைக் கேட்டால் அப்பாச்சி வீட்டின் அஸ்திவாரம் அதுதான்.

குடிலை விட்டுப் போக இன்னொரு காரணமும் இருந்தது. வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் அந்தக் குடில் எரிக்கப்படும், அல்லது அப்படியே கைவிடப்படும். இறந்தவரின் உடைமைகளையும் அழித்துவிடுவார்கள். பெயரைக்கூட உச்சரிக்கமாட்டார்கள். குடும்பம் வேறிடம் போய்ப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். ஆவி பற்றிய அச்சமும், நோயுற்றவர் படுத்திருந்த இடத்தைவிட்டு அகலும் பயனும் இதில் கலந்தே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். மூன்று நாளில் கட்டக்கூடிய வீடாக இருந்தால்தான் இப்படி ஒரு வழக்கம் சாத்தியம்.

எரிக்க வந்த மற்றவர்களும் உண்டு. 1871 ஏப்ரல் 30 அதிகாலை, அரிசோனாவின் அரவைபா பள்ளத்தாக்கில், கேம்ப் கிராண்ட் என்ற ராணுவ முகாமின் பாதுகாப்பை நம்பித் தங்கியிருந்த அப்பாச்சிகளை டூசான் நகரத்திலிருந்து வந்த ஒரு கும்பல் தாக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். குடில்களுக்குத் தீ வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஜெனரல் ஜார்ஜ் குரூக் நடத்திய குளிர்காலப் படையெடுப்பில் முகாம் முகாமாக எரிப்பது ஒரு முறையாகவே ஆனது. குடில் போனால் கட்டிக்கொள்ளலாம். கூடவே எரிந்த தோல்கள், போர்வைகள், பல மாத உழைப்பில் சேர்த்த உணவு இவற்றை நடுக்குளிரில் எங்கே போய்த் தேடுவது? படையினருக்கும் இது தெரிந்திருந்தது, குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான்.

1886 மார்ச்சில், வட மெக்சிகோவில் ஜெரோனிமோவும் குரூக்கும் பேச்சுவார்த்தை நடத்திய இடத்துக்கு டூம்ஸ்டோன் ஊரின் போட்டோகிராபர் சி. எஸ். ஃபிளை போய்ப் படங்கள் எடுத்தார். சரணடையாத அப்பாச்சிகளை அவர்களுடைய முகாமிலேயே எடுத்த படங்கள் என்பதால் அவற்றுக்குத் தனி மதிப்பு. அவற்றில் தெரிகிற தங்குமிடங்களைப் பாருங்கள். ஓப்லர் விவரிக்கும் நேர்த்தியான வேய்ச்சல் இல்லை. கையில் கிடைத்த கழி, மேலே துணி. ஓட்டத்தில் இருப்பவர்களின் வீடு. இதைத்தான் பலரும் அப்பாச்சிகளின் பாரம்பரிய வீடு என்று புரிந்துகொண்டார்கள், போர்க்காலத்துத் தற்காலிகத் தங்கலைப் பார்த்து ஒரு மக்களின் கட்டடக் கலையை எடைபோட்ட கதை.

அதே ஆண்டு செப்டம்பரில், சிரிகாவாக்களில் ஒருவரான ஜெரோனிமோ சரணடைந்தார். சிரிகாவாக்கள் ஏறக்குறைய 500 பேர் ரயிலேற்றி ஃபுளோரிடாவின் மேரியன் கோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஸ்பானியர் கட்டிய பழைய கற்கோட்டை அது. மதிலின் மேல்தளத்தில் ராணுவக் கூடாரங்களை நெருக்கி நெருக்கி அடித்து அவர்களைக் குடிவைத்தார்கள். மாமியார் கண்ணில் படாமல் மருமகன் ஒதுங்க அங்கே எங்கே இடம்? அப்புறம் அலபாமாவின் ஈரப்பதத்தில் சில ஆண்டுகள், காசநோய் பலரைக் கொண்டுபோனது. 1894 அக்டோபரில் மிஞ்சியவர்கள் ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில்லுக்கு வந்து சேர்ந்தபோது குளிர் நெருங்கிவிட்டது, பலகை வீடு கட்ட நேரமில்லை. ராணுவம் கித்தான் துணி கொடுத்தது, அவர்கள் கழி வளைத்துக் குடில் போட்டு அந்தக் குளிரைத் தாண்டினார்கள். அடுத்த ஆண்டு இரண்டு அறையும் நடுவில் திறந்த நடையுமாகச் சிறு வீடுகள் கட்டப்பட்டன. போர்க்கைதி என்ற நிலை 1913 வரை, 27 ஆண்டுகள் நீடித்தது. விடுதலையானவர்களில் பெரும்பாலோர் மெஸ்கலேரோக்களோடு போய்ச் சேர்ந்தார்கள்.

அரிசோனாவில் இருந்தவர்களை 1870களிலேயே சான் கார்லோஸ் போன்ற, பழங்குடிகளுக்கென்று அரசு ஒதுக்கிய ரிசர்வேஷன் நிலங்களுக்குள் அடைத்தாயிற்று. எண் பொறித்த உலோக வில்லை, ஆள் எண்ணிக்கை, ரேஷன். விட்டுப் போகவென்றே உருவான வீட்டை ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் வைத்தால் என்ன ஆகும்? சுற்றுப்புறம் கெடும், விறகு தீரும், வேய்கிற புல் எட்டாத தூரத்துக்குப் போகும். தோலுக்குப் பதில் அரசு தந்த கித்தான் போர்வையானது. பார்க்க வந்த அதிகாரிகள் அழுக்குக் குடில் என்று எழுதினார்கள். குடிலுக்குக் காலைக் கட்டியது யார் என்று எழுதவில்லை.

அரசு கட்டிக்கொடுத்த மர வீடுகளும் உடனே எடுபடவில்லை. பல குடும்பங்கள் அதில் சாமான்களைப் போட்டுப் பூட்டிவிட்டுப் பக்கத்திலேயே கூடாரமோ குடிலோ போட்டு வாழ்ந்தன. யாராவது இறந்துபோனால் அந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்க மனம் வராது. சோம்பேறித்தனம், நன்றிகெட்டதனம் என்றெல்லாம் ஏஜெண்டுகள் அலுத்துக்கொண்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மேற்கு அப்பாச்சி ஊர்களில் குடில்கள் புழக்கத்தில் இருந்தன. பிறகு மெல்ல மெல்லப் பலகை வீடுகளும் அரசு வீட்டுத் திட்டங்களும் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தழைப் பந்தல் மட்டும் பல வீடுகளின் முற்றத்தில் இன்னும் நிற்கிறது.

குடிலும் கூடாரமும் இப்போது பெரும்பாலும் சடங்குகளில் எழுகின்றன. மெஸ்கலேரோவில் ஜூலை 4ஐ ஒட்டிப் பருவமெய்திய பெண்களுக்கு நான்கு நாள் சடங்கு நடக்கும். நீண்ட பசுமரக் கழிகளைப் பாடல்களோடு நிறுத்திப் பெரிய சடங்குக் கூடாரம் எழுப்புவார்கள். நான்கு கழிகள் அதில் முதன்மையானவை. கடைசி நாள் காலையில் பெண்கள் ஓடும்போதே அது பிரிக்கப்பட்டுவிடும். ஹிகரியாக்கள் செப்டம்பர் 14, 15 தேதிகளில் ஸ்டோன் லேக் ஏரிக்கரையில் கூடாரமும் தழைத் தங்கலுமாக முகாமிட்டு, இரு பிரிவாகப் பிரிந்து தொடரோட்டம் ஓடுகிறார்கள். அரிசோனாவில் பருவமெய்திய பெண்ணுக்குச் சூரியோதயச் சடங்கு நடத்தும்போது, பெண்ணின் குடும்பம் ஒரு முகாம், அவளுக்கு ஞானத்தாயாக நிற்பவரின் குடும்பம் எதிரே ஒரு முகாம். இரண்டு பக்கமும் பந்தல்கள், சமையல், ஒரு முகாமிலிருந்து மறு முகாமுக்குப் போகும் சாப்பாடு. வேய்ச்சலில் ஓக் தழையோடு நீல நிறத் தார்ப்பாயும் கலந்திருக்கும். தோல் போய்க் கித்தான் வந்தபோதும் இப்படித்தான், கையில் கிடைத்ததைப் போர்த்திக்கொண்டார்கள்.